சுட்டெலிக்கு விடுதலை; சவாரித்தம்பருக்கு எப்போது?

1928ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க் நகரத் திரையரங்கு ஒன்றில், ஒரு சுட்டெலி நீராவிப் படகின் சுக்கானைப் பிடித்தபடி சீழ்க்கையடித்தது. வோல்ற் டிஸ்னியும் அவருடைய நண்பர் அப் ஐவேர்க்சும் உருவாக்கிய மிக்கி மவுஸ் உலகுக்கு அறிமுகமான நாள் அது. 'ஸ்ரீம்போட் வில்லி' என்னும் அந்தச் சிறு படத்தின் பதிப்புரிமை தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின்னர் காலாவதியாகி, 2024 ஜனவரி 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களின் சொத்தாயிற்று. உலகப் பத்திரிகைகள் யாவும் அதனைப் பெருஞ் செய்தியாக வெளியிட்டன.

உலகின் பணம் படைத்த நிறுவனங்களுள் ஒன்று தன் எலியொன்றை இழந்தால் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நமக்கும் இதில் பங்குண்டு. ஓர் இனத்தின் சிரிப்பும் சிந்தனையும் யாருடைய கையில், எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம் என்பதே இங்குள்ள கேள்வி. நாடிழந்து சிட்னியிலும் மெல்பேணிலும் குடியேறிய நாம் இக்கேள்வியை மற்றவர்களிலும் பார்க்கக் கூர்மையாகக் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முயலை இழந்தவர் எலியைப் படைத்தார்

மிக்கி பிறந்த கதையே உரிமை இழப்பின் கதைதான். அதற்கு முன்னர் டிஸ்னி வரைந்த பாத்திரம் ஒஸ்வோல்ட் என்னும் முயல். ஒப்பந்தப்படி அம்முயலின் உரிமை யூனிவேர்சல் நிறுவனத்திடம் இருந்தது. 1928இல் டிஸ்னி முயலையும் தம்மிடம் பணியாற்றிய ஓவியர்களிற் பலரையும் ஒருங்கே இழந்தார். அந்த இழப்பிலிருந்தே எலி பிறந்தது. இனித் தாம் படைப்பது எதனையும் கைநழுவ விடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டதில் வியப்பில்லை. முயலின் உரிமை டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது 2006இல். அப்போது டிஸ்னி மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகியிருந்தன.

ஆனால் அவ்வாறு காவல் காத்த நிறுவனமே பொதுச் சொத்திலிருந்து தாராளமாக அள்ளிக்கொண்டது என்பதையும் மறந்துவிடலாகாது. பனிவெள்ளை, சிண்டரெல்லா முதலிய கதைகள் ஐரோப்பியப் பாட்டிமார் சொன்னவை. அவற்றைப் படமாக்க டிஸ்னி எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் காலம் நெருங்கியபோதோ சட்டம் நீண்டது. 1998இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறுவனப் படைப்புகளின் பதிப்புரிமைக் காலத்தை எழுபத்தைந்து ஆண்டுகளிலிருந்து தொண்ணூற்றைந்தாக உயர்த்தியது. அதனை மக்கள் 'மிக்கி மவுஸ் சட்டம்' என்று கேலியாக அழைத்தனர். 2003இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

விடுதலை பெற்ற மிக்கியும் முழுமையான மிக்கி அன்று. 1928இன் எலிக்கு வெள்ளைக் கையுறை இல்லை, வண்ணமும் இல்லை. பின்னாளில் சேர்ந்த அம்சங்கள் ஒவ்வொன்றும் தத்தம் ஆண்டுக் கணக்கிலேயே விடுபடும். அதற்கிடையில், 2022இல் அங்கு பொதுவாகிய வின்னி-த-பூ என்னும் கரடிக்குட்டியைக் கொலைகாரனாக்கி, 2023இல் ஒரு திகிற்படமும் வந்துவிட்டது. பொதுச் சொத்தாவது என்றால் நல்லவர் கையில் மட்டும் கிடைப்பது என்று பொருளல்ல.

அவுஸ்திரேலியாவின் கணக்கு வேறு

இங்கு வாழும் நம்மவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் விடுதலை பெற்றது இங்கே விடுதலை பெற்றதாகாது. அங்கு பழைய படைப்புகளுக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து கணக்கு ஓடுகிறது. அவுஸ்திரேலியாவின் 1968ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவாகப் படைப்பாளியின் மரண ஆண்டிலிருந்து கணக்கெடுக்கிறது.

இதனால் விளையும் வேடிக்கைகள் பல. கீரை தின்று பலம்பெறும் மாலுமி பொப்பாய் 1929இல் தோன்றினான். அமெரிக்காவில் 2025இலேயே அவன் பொதுச் சொத்தானான். அவனை வரைந்த சீகர் 1938இல் மறைந்துவிட்டார். ஆகவே அவர் வரைந்த சித்திரங்கள் இங்கே 1989ஆம் ஆண்டு தொடக்கமே கட்டற்றவை. வின்னி-த-பூவின் நிலை இதற்கு நேர்மாறு. கதை எழுதிய மில்ன் 1956இல் மறைந்தார்; படம் வரைந்த ஷெப்பேர்ட் 1976இல் மறைந்தார். ஆகவே எழுத்தின் உரிமை இங்கு 2026இன் இறுதிவரையும், ஓவியத்தின் உரிமை 2046இன் இறுதிவரையும் நீடிக்கும். மிக்கியையோ டிஸ்னியும் ஐவேர்க்சும் கூட்டாகப் படைத்த ஓவியம் என்று கொண்டால், ஐவேர்க்ஸ் மறைந்த 1971இலிருந்து எழுபது ஆண்டுகளைக் கூட்டி, 2041இன் இறுதிவரை காத்திருக்க வேண்டும். தமிழ்ப் பாடசாலை விழா மலரின் அட்டையிலோ பிறந்தநாள் மண்டபத்துக் கடையிலோ எலியின் படத்தை அச்சிட்டு விற்க எண்ணுவோர் இதனை மறக்கலாகாது.

இந்த எழுபது ஆண்டுக் கணக்கு இங்கு இயல்பாக வளர்ந்ததன்று. 2004 வரை அவுஸ்திரேலியாவில் ஆயுளுடன் ஐம்பது ஆண்டுகளே கணக்காக இருந்தது. அமெரிக்காவுடன் செய்துகொண்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் விளைவாக 2005 ஜனவரி 1ஆம் திகதி முதல் அது எழுபதாயிற்று. ஏற்கெனவே விடுபட்டவை மீண்டும் சிறைப்படவில்லை. ஆனால் 1955இலும் அதன் பின்னரும் மறைந்தோரின் படைப்புகளுக்கு வாயில் அடைபட்டது. அது மீண்டும் திறந்தது 2026 ஜனவரி 1ஆம் திகதியன்று. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில், தம் வாழ்நாளில் நூல் வெளியிட்டு மறைந்த எழுத்தாளர் எவரும் காலம் முடிந்து இந்நாட்டின் பொதுச் சொத்தில் புதிதாகச் சேரவில்லை.

இதற்குத் தமிழில் ஒரு சான்று உண்டு. 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி 1954 டிசம்பர் 5ஆம் திகதி மறைந்தார். அவருடைய எழுத்து 2005 ஜனவரி 1ஆம் திகதி, வாயில் அடைபட்ட அதே நாளில், கடைசி வரிசையில் இந்நாட்டில் விடுபட்டது. அவர் இன்னும் இருபத்தேழு நாட்கள் வாழ்ந்து புத்தாண்டைக் கண்டிருப்பாராயின் இங்கே அவரது உரிமை 2025இன் இறுதிவரை நீண்டிருக்கும். அந்நாவலுக்கு வந்தியத்தேவனையும் நந்தினியையும் வரைந்து கொடுத்த ஓவியர் மணியமோ 1968இல் மறைந்தவர். அவரது சித்திரங்கள் இந்நாட்டில் 2038 முடியும்வரை காவலில் உள்ளன. கதை விடுதலை பெற்றது. கதாபாத்திரங்களின் முகங்கள் இன்னும் பெறவில்லை.

இந்நாட்டுக் குழந்தைகள் அறிந்த முகங்கள்

நம் பிள்ளைகள் இங்குள்ள பாடசாலைகளில் மிக்கியோடு வேறு சில பாத்திரங்களையும் அறிந்துகொள்கிறார்கள். அவற்றின் வரலாறு நமக்குப் பாடமாகும்.

செந்நிறத் தலைமயிர் கொண்ட குறும்புச் சிறுவன் ஜிஞ்சர் மெக்ஸ் 1921 நவம்பரில் சிட்னியின் ஞாயிறு இதழொன்றில் தோன்றினான். அவனைப் படைத்த ஜிம்மி பாங்ஸ், சிட்னியின் வடபுறத்து ஹோர்ன்ஸ்பியில் வளர்ந்தவர். பத்திரிகையின் சித்திரப் பகுதியில் முதற்பக்கம் தமக்கே என்பது அவருடைய ஒப்பந்தம். தொடர்ந்து மூன்று வாரம் அது மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. பாங்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு பத்திரிகைக்குச் சென்றார். வழக்கு அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம்வரை போயிற்று. 1951இல் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இன்றும் இந்நாட்டுச் சட்ட மாணவர்கள் ஒப்பந்தச் சட்டத்தின் முக்கிய தீர்ப்புகளுள் ஒன்றாக அதனைப் படிக்கின்றனர். 1952இல் பாங்ஸ் மறைந்தார். அவர் வரைந்தவை 2003 தொடக்கம் இங்கு எல்லோருக்கும் பொது. அவருக்குப் பின்னர் தலைமுறைதோறும் வேறு ஓவியர்கள் மெக்ஸைத் தொடர்ந்து வரைந்தனர். அவர்களுடைய சித்திரங்கள் வேறு கணக்கில் இருக்கின்றன.

பிளிங்கி பில் என்னும் கோலாக் குட்டியின் கதை அகதிகளாகிய நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. அதனை 1933இல் எழுதி வரைந்த டொரதி வோல் நியூசிலாந்தில் பிறந்தவர், 1942இல் மறைந்தார். ஐம்பதாண்டுக் கணக்குப்படி 1992 முடிவில் உரிமை தீர்ந்தது. அதே 1992இல் அக்குட்டியைத் திரைப்படமாக்கியவர் யோராம் குறோஸ். போலந்தின் கிராகோவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, நாசிகளிடமிருந்து இடம் மாறி இடம் மாறி ஒளிந்து உயிர் தப்பியவர். இஸ்ரேல் சென்று, பின்னர் 1968இல் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். வீடிழந்து வந்த ஒருவர், காடழிந்து வீடிழந்த கோலாவின் கதையை இந்நாட்டுப் பிள்ளைகளின் வீட்டுக் கதையாக்கினார். பொதுவாகும் படைப்பு பிறந்த மண்ணினருக்கு மட்டும் பொதுவாவதில்லை. வந்து சேர்ந்தவருக்கும் அது பொது.

மே கிப்ஸ் அம்மையாரின் கதை மறுபக்கத்தைக் காட்டுகிறது. நான்கு வயதில் இங்கிலாந்திலிருந்து இங்கு வந்த அவர், யூக்கலிப்ரஸ் மரத்தின் காய்களையே தொப்பியாக அணிந்த ஸ்னகில்பொட், கடில்பை என்னும் இரு குழந்தைகளைப் படைத்தார். நூல் வெளிவந்தது 1918இல். 1969 நவம்பரில் அவர் மறைந்தபோது, தமது பதிப்புரிமையை உடல் ஊனமுற்ற சிறுவருக்காகவும் மூளைவாதமுற்ற சிறுவருக்காகவும் நியூ சவுத் வேல்சில் உழைத்த இரு தொண்டு நிறுவனங்களுக்கு மரண சாசனத்தால் எழுதிவைத்தார். சிட்னித் துறைமுகக் கரையில் அவர் வாழ்ந்த வீட்டை யுனிசெப் அமைப்புக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் அக்குழந்தைகளின் முதல் நூலுக்கு உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது; அவர்கள் பிறந்த சிட்னியில் 2039 முடியும்வரை உரிமை உண்டு. பழைய சட்டமே நீடித்திருப்பின் 2019இன் இறுதியிலேயே இங்கும் முடிந்திருக்கும். அந்த இருபது ஆண்டு நீட்சி பெருவணிகருக்காக வந்தது என்று நாம் சொல்லும்போதே, அதன் ஒரு துளி நடக்க முடியாத பிள்ளைகளுக்கும் போய்ச்சேர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பதிப்புரிமை தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அது யார் கையில் எதற்காக இருக்கிறது என்பதே வினா.

அதே 1918இல் நோர்மன் லின்சே வெளியிட்ட நூல் 'மாயப் புடிங்'. அவரும் 1969 நவம்பரிலேயே மறைந்தார். எவ்வளவு வெட்டித் தின்றாலும் குறையாத ஒரு புடிங். அதன் சொந்தக்காரருக்கும் திருடருக்கும் இடையில் ஓயாத சண்டை. அந்தச் சொந்தக்காரரின் கைக்கு அது வந்த வழியும் அவ்வளவு சுத்தமானதன்று என்று கதையே குறிப்புக் காட்டுகிறது. தின்னத் தின்னக் குறையாத பண்டத்துக்கு வேலியிடுவது பற்றி இதிலும் பொருத்தமான கதையொன்று கிடைப்பது அரிது. பாட்டும் கதையும் படமும் அத்தகைய பண்டங்களே.

காலாவதியாகாத வேலி

பதிப்புரிமை முடிந்தாலும் இன்னொரு வேலி நிற்கிறது. அதுவே வர்த்தகக் குறி. ஒரு பொருள் எவரிடமிருந்து வருகிறது என்று வாங்குவோர் அறிந்துகொள்ள உதவுவது அதன் நோக்கம். இந்நாட்டின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் பத்துப் பத்தாண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மிக்கியின் பெயரும் உருவமும் டிஸ்னியின் குறிகளாகத் தொடர்கின்றன. அமெரிக்காவில் ஒருவர் பழைய எலியை வைத்துப் புதிய கதை எழுதலாம். ஆனால் அக்கதையை டிஸ்னியே வெளியிட்டதாக மக்கள் மயங்குமாறு விற்க முடியாது. அதேவேளை வர்த்தகக் குறியைக் காட்டிப் பதிப்புரிமையை முடிவில்லாமல் நீட்டலாகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2003இல் வேறொரு வழக்கில் எச்சரித்திருக்கிறது.

பெயர் ஒன்றே எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு அவுஸ்திரேலியாவிலேயே உதாரணம் உண்டு. 'சிம்ப்சன்ஸ்' என்னும் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் ஹோமர் குடிப்பது டஃப் என்னும் கற்பனைப் பியர். இங்குள்ள மதுபான நிறுவனங்கள் அப்பெயரில் உண்மையான பியரை வடித்து விற்கத் தொடங்கின. தொடரின் பாத்திரம் எதனையும் அவை தகரத்தில் அச்சிடவில்லை. ஆயினும் 1996இல் சமஷ்டி நீதிமன்றம், மக்கள் அதனைத் தொடரோடு தொடர்புபடுத்தி ஏமாறக்கூடும் என்று கண்டு, விற்பனையாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நம்முடைய ஏடுகள்

தமிழுலகம் இச்சிக்கலுக்கு வேறொரு வழியையும் கண்டது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் உள்ள உரிமை பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் சென்னை அரசு பாரதியின் படைப்புகளை மக்களுக்காகப் பெற முன்வந்தபோது, செட்டியார் பணம் பெறாமலே தம் உரிமையை ஒப்படைத்தார். 'நாட்டுடைமை' என்னும் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த சிறப்பான பொருள் அங்கிருந்தே வளர்ந்தது. அதன் பின்னர் கல்கி உட்படப் பலருடைய எழுத்தை, உரியோருக்குப் பணம் கொடுத்துத் தமிழக அரசுகள் பொதுவாக்கியுள்ளன. அவுஸ்திரேலிய அரசும் 2022 ஜனவரியில், ஹரோல்ட் தோமஸ் 1971இல் வடிவமைத்த ஆதிக்குடிகளின் கொடியின் பதிப்புரிமையை இருபது மில்லியன் டொலருக்கு மேற் செலவிட்டுப் பெற்று, எல்லோரும் ஏற்றத்தக்கதாக்கிற்று.

ஈழத்தமிழருக்கு அவ்வாறு வாங்கிக் கொடுக்க ஓர் அரசில்லை. இங்கேதான் சவாரித்தம்பர் நம் முன் வந்து நிற்கிறார்.

கேலிச்சித்திரக்காரர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் படைத்த சவாரித்தம்பரையும் மெயில் வாகனத்தாரையும் சின்னக்குட்டியையும் அறியாத யாழ்ப்பாணத்தவர் ஒரு காலத்தில் இருக்கவில்லை. கொழும்பிலே தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வந்த அவருடைய 'சிரித்திரன்' நம் சமூகத்தின் பெருமையையும் போலித்தனத்தையும் சேர்த்தே வரைந்து காட்டியது. அவர் 1996இல் மறைந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆயுளுடன் எழுபது ஆண்டுகளையே கூறுகிறது. ஆக, 2066ஆம் ஆண்டு முடியும்வரை சவாரித்தம்பர் சட்டப்படி காவலில் இருப்பார்.

மிக்கி தொண்ணூற்றைந்து ஆண்டுகள் காத்திருந்தது. ஆனால் குளிரூட்டிய களஞ்சியத்தில், மூலச் சுருள் பழுதுபடாமற் காத்திருந்தது. சவாரித்தம்பர் காத்திருப்பது எங்கே? கறையான் அரித்த அலுமாரியில்; இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட வீட்டில்; கடல் கடந்து வந்த பெட்டியொன்றின் அடியில். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. எரிந்த ஏட்டுக்கும் சட்டத்தின் கண்ணில் பதிப்புரிமை உண்டு. படிக்கத்தான் ஏடு இல்லை.

மற்றவர் நாட்டில் கேள்வி, உரிமை எப்போது முடியும் என்பது. நம்மிடத்தில் கேள்வி, உரிமை முடியும் நாளில் படைப்பு எஞ்சியிருக்குமா என்பது. இந்நாட்டுத் தேசிய நூலகம் 'ட்ரோவ்' என்னும் மின்களஞ்சியத்தில் பழைய பத்திரிகைகளைப் பெருமளவில் ஏற்றியுள்ளது. அவற்றுள் மிகப்பல 1954உடன் நின்றுவிடுகின்றன. பதிப்புரிமையின் எல்லைக்கோடு அது. ஆனால் அதற்குப் பிந்திய தாள்களும் நூலக அடுக்குகளில் பத்திரமாக உள்ளன. காலம் வந்ததும் ஏற்றலாம். நமக்கோ அடுக்கே இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் போன்ற முயற்சிகள் கிடைப்பதைத் திரட்டி வருகின்றன. அவர்கள் முன்னுள்ள தடைகளுள் ஒன்று உரியவரைக் கண்டுபிடிப்பது. ஆசிரியர் இறந்துவிட்டார், அச்சகம் அழிந்துவிட்டது, மகன் நோர்வேயில், மகள் கனடாவில், மற்றொருவர் மெல்பேணின் புறநகரில். யாரிடம் ஒப்புதல் கேட்பது?

நாம் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உரிமையாளர் விரும்பினால் இன்றே வாயிலைத் திறக்கலாம். அவுஸ்திரேலியாவில் பதிப்புரிமை படைத்தவுடன் தானாகவே பிறக்கிறது, பதிவுமில்லை, கட்டணமுமில்லை. உரிமையை முற்றாக மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். பாதுகாக்கவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுப்பதற்கும் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டு வைப்பதே நல்லது. மே கிப்ஸ் அம்மையார் செய்ததுபோல மரண சாசனத்தில் ஒரு பந்தி சேர்க்கலாம். நம் முதியவர்கள் வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று எழுதுகிறார்கள். தாம் எழுதிய நாடகம் யாருக்கு, தந்தை வரைந்த சித்திரம் யாருக்கு என்று எழுதுவோர் எத்தனை பேர்?

சிட்னியிலோ மெல்பேணிலோ பழைய தமிழ் இதழ்களை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைக் குப்பையில் இடுமுன் ஒரு பொது அமைப்பிடம் காட்டுதல் வேண்டும். எழுத்தாளரின் பிள்ளைகள் தாமே உரிமையாளர் என்பதை அறிந்து, தம் பெயரையும் தொடர்பையும் அவ்வமைப்புகளிடம் பதிந்து வைத்தல் வேண்டும். நம் சங்கங்கள் ஆண்டு விழா மலருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினாலும் பெரும்பணி நடக்கும்.

மிக்கி மவுஸ் விடுதலையான நாளில் உலகம் அதனை வரவேற்கத் தயாராக நின்றது. 2067 ஜனவரி 1ஆம் திகதி சவாரித்தம்பர் விடுதலையாவார். அன்று அவரை வரைந்து விளையாட ஆசைப்படும் பிள்ளை இந்நாட்டிலோ வேறெங்கோ பிறந்திருக்கும். அப்பிள்ளையின் கையில் கொடுக்க ஓர் ஏடாவது இருக்க வேண்டுமாயின், அதனை நாம் இப்போதே காப்பாற்றியிருக்க வேண்டும்.